மஞ்சள் ஸ்பனர் எதை எண்ணுகிறது?

ஒயில் மாற்றி மூன்று கிழமைகூட ஆகவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் காலை ஏழு மணிக்குக் காரை ஸ்டார்ட் பண்ணினேன்; மீற்றர் தட்டில் மஞ்சளாக ஒரு குட்டி ஸ்பனர். காசு கொடுத்து மாற்றிய பில் இன்னும் காருக்குள்ளேயே கிடக்கிறது. "ஊத்தாமலே ஊத்தினதெண்டு எழுதிப்போட்டாங்களோ?" என்று மனைவி கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் கராஜ் வைத்திருக்கும் அண்ணரிடம் கொண்டுபோனேன். அவர் அந்த லைற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொனற்றைத் திறந்து, டிப்ஸ்டிக்கை இழுத்து, தோளில் கிடந்த சீலைத்துண்டால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். தேன் நிறத்தில் ஒயில், மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. "ஒயில் புதுசுதான் தம்பி. எண்ணிக்கையைப் பூச்சியமாக்காமல் விட்டிட்டாங்கள்." ட்ரிப் மீற்றரின் குமிழை அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்பினார். சில விநாடிகளில் ஸ்பனர் அணைந்தது. ஒரு சொட்டு ஒயில் ஊற்றவில்லை.

நிம்மதியோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் மறுபக்கம் உறைத்தது. ஒயில் மாற்றியும் லைற் எரியலாம் என்றால், மாற்றாமலே அதை அணைக்கவும் முடியும். குமிழை அழுத்த ஒரு விரல் போதும்.

அந்த விளக்கு ஒயிலைப் பார்ப்பதே இல்லை. பெரும்பாலான சிறு கார்களில் அது வெறும் தூரக் கணக்கு. அமெரிக்காவில் விற்கப்பட்ட ரொயோட்டாக்கள் பலவற்றில் 4,500 மைலில் சிமிட்டத் தொடங்கி, 5,000 மைலில் நின்று எரியும். உள்ளே ஒயில் தேனாக இருக்கிறதா தாராக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இதைவிடக் கொஞ்சம் புத்தியுள்ள முறையை 1980களில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் ஷேர்லி ஷ்வார்ட்ஸ் என்ற வேதியியலாளரும் அவருடைய சகாக்களும் உருவாக்கினார்கள். என்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றியது, எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதை வைத்து ஒயிலின் மிச்ச ஆயுளைக் கணிப்பது அது. ஹொண்டாவின் சில மொடல்களில் அந்த மிச்ச ஆயுள் நூறு வீதத்திலிருந்து இறங்கி 15 வீதத்துக்கு வந்ததும் ஸ்பனர் எரிவதும் இந்த வழிதான். அதுவும் கணிப்புத்தான், பரிசோதனை அல்ல. ஒயிலின் தரத்தையே அளக்கும் உணரி சில ஐரோப்பியக் கார்களில் உண்டு; பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப்பாகம் தேடி அலையும் நம் ஆட்களின் கார்களில் தேட வேண்டாம்.

சிவப்பு நிறத்தில், மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழும் எண்ணெய்க் குவளை வேறு சாதி. அது ஒயில் அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்வது. வளைவில் திரும்பும்போது ஒருதரம் மின்னி மறைந்தாலும் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். 'கராஜ் வரைக்கும் மெதுவாகப் போவோம்' என்று ஓட்டினால் கராஜில் ஒயில் மாற்ற மாட்டார்கள், என்ஜினையே மாற்றுவார்கள். மஞ்சளுக்குத் தவணை உண்டு. சிவப்புக்குக் கிடையாது.

சரி, மஞ்சள் ஸ்பனர் எண்ணும் கிலோமீற்றர் கொழும்புக்குப் பொருந்துமா? வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பத்து, பதினொரு கிலோமீற்றர்தான். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் காலி வீதியில் ஏறிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஓடும் என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 சுற்றுச் சுற்றுகிறது. அரை மணி நேர நெரிசலுக்கு 21,000 சுற்று. மீற்றரில் ஏறியது ஒன்றுமில்லை. அதே 21,000 சுற்றில், தெற்கு அதிவேக வீதியில் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒரு கார், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தால், பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கும். சுற்றுக் கணக்கில் இரண்டு காரிலும் என்ஜின் ஓடியது ஒரே அளவு. தூரக் கணக்கில் மட்டும் ஒன்று வேலையே செய்யாதது மாதிரி.

ஐப்ரிட் காரென்றால் நெரிசலில் என்ஜின் அணைந்துவிடுமே என்பீர்கள். உண்மை. ஆனால் அணைந்து அணைந்து எழும்பும் என்ஜின் சின்ன ஓட்டங்களில் சரியாகச் சூடேறுவதில்லை. சூடேறாவிட்டால் எரியாத பெற்றோலும் நீராவியும் ஒயிலுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். ஒயில் மூடியைத் திறந்தால் உட்பக்கத்தில் வெண்ணெய் பூசினதுபோல ஒரு படிவு இருக்கும், பார்த்திருப்பீர்கள். 2022 ஆடியில் எரிபொருளுக்குக் கியூஆர் பாஸ் வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்த காலத்தில் இது அதிகம். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்த கார்களில் தூரம் ஏறவில்லை, ஸ்பனரும் எரியவில்லை. ஒயில் மட்டும் பழுதாகிக்கொண்டிருந்தது.

கார் செய்த ஜப்பான்காரருக்கு இதெல்லாம் தெரியும். ரொயோட்டா தன் நாட்டில் சாதாரண பெற்றோல் என்ஜினுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்கிறது. கடும் பாவனைக்கு அதில் பாதி, 7,500 அல்லது ஆறு மாதம். எட்டுக் கிலோமீற்றருக்குள் முடியும் ஓட்டங்களும் நெரிசலில் ஊர்வதும் அவர்கள் கணக்கில் கடும் பாவனை. அதாவது வெள்ளவத்தைச் சீவியம். இங்குள்ள கராஜ்கள் 'ஐயாயிரத்துக்கு ஒருக்கா' என்பதை வியாபாரத் தந்திரம் என்று நானும் ஒரு காலம் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது தூரத்தைவிட அந்த ஆறு மாதத்தை இறுக்கமாகப் பிடிக்கிறேன்.

டிப்ஸ்டிக் பார்ப்பது ஒன்றும் வித்தை இல்லை. மட்டமான தரை வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் சாய்வுப் பாதையில் பார்த்தால் பொய் சொல்லும். நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்து, ஒருமுறை துடைத்து, இரண்டாம் முறை இழுத்ததை நம்பலாம். நிறம் கறுத்திருந்தால் பதற வேண்டாம். அழுக்கைக் கழுவி எடுத்துத் தன்னில் சுமப்பது ஒயிலின் வேலை, கறுக்கத்தான் செய்யும். பெற்றோல் மணத்தால், பால்போல் கலங்கினால், கீழ்க்கோட்டைத் தொட்டால்தான் யோசிக்க வேண்டும். 660 சிசி வாகன்ஆர் மாதிரி வண்டிகளில் மொத்த ஒயிலே மூன்று லீற்றருக்குக் குறைவு. அரை லீற்றர் குறைந்தால் பெரிய காரில் சமாளிக்கும், இதில் அது ஆறில் ஒரு பங்குக்கு மேல்.

2020 பங்குனியில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் இருந்த கார்களே கை மாறிக்கொண்டிருந்தன. எங்களுடையதும் அப்படி வந்ததுதான். முன்னைய சொந்தக்காரர் எப்போது குமிழை அழுத்தினார், அழுத்தும்போது ஒயிலும் மாற்றினாரா என்பதை எந்த விளக்கும் சொல்லாது.

சாரதிக் கதவின் விளிம்பில் ஜப்பானில் ஒட்டிய பழைய ஒயில் ஸ்ரிக்கர் ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் வருடம் '28' என்று கிடந்தது; 2028 ஆக்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஹெய்செய் என்ற அவர்களின் ஆண்டுக் கணக்கில் 28ஆம் வருடம், எங்கள் கணக்கில் 2016. கொட்டாஞ்சேனை அண்ணர் அதற்குக் கீழே வெள்ளைத் துண்டு ஒன்றை ஒட்டி, மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் பேனையால் எழுதினார். பழையதை உரிக்கப் போனேன். "விடுங்கோ தம்பி, அது எங்கட காருக்குப் பிறப்புச் சான்றிதழ்" என்றார்.