ஓரத்தில் உறங்கும் சாம்பல்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வீவக அடுக்குமாடிகளில், தமிழர் வீட்டு வாசலில் கையால் இழுத்த கோலம் இல்லாவிட்டால் பெரும்பாலும் வேறு இரண்டில் ஒன்று இருக்கும். தேக்காவில் வாங்கி வந்து தரையில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலம் ஒன்று. துளையிட்ட அச்சுத்தட்டை வைத்துப் பொடி தூவி எடுக்கும் கோலம் மற்றொன்று. துளை உள்ள இடத்தில் பொடி விழும், தட்டு மறைக்கும் இடத்தில் விழாது. புகைப்படத்துக்கு அலங்கார ஓரம் அமைப்பதிலும் இதே இரண்டு வழிகள்தான். கைபேசிச் செயலி தரும் பூக்கரையைப் படத்தின்மேல் பதிப்பது ஸ்டிக்கர் வழி. ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற மென்பொருளில் மாஸ்க் அமைத்து, படத்தின் ஓரத்தையே வேலைப்பாடாக மாற்றுவது அச்சுத்தட்டு வழி. இரண்டாவதே மேல் என்பது என் கட்சி.

மாஸ்க் என்பது படத்தின் லேயரோடு, அதாவது அடுக்கோடு, பிணைந்திருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பரப்பு. அதில் வெள்ளை உள்ள இடத்தில் புகைப்படம் தெரியும். கறுப்பு உள்ள இடத்தில் மறையும். இதுவரை அச்சுத்தட்டேதான். தட்டால் முடியாதது சாம்பல் நிறம். வழக்கமான 8 பிட் மாஸ்க்கில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 255 முழுக்கத் திறந்த கதவு, 0 சாத்திய கதவு. 128 என்றால் புகைப்படத்தின் நிறம் ஏறக்குறைய பாதி, அடியில் உள்ள லேயரின் நிறம் மீதிப் பாதி. இந்தக் கலப்புக் கணக்கை லூக்காஸ்ஃபிலிமில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் முறைப்படுத்தி வெளியிட்டார்கள். ஃபோட்டோஷாப்பில் லேயர்கள் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில். ஓரம் அலை போல நெளிந்தால் போதும் என்பவருக்குச் சாம்பல்கூட வேண்டாம், ‘ரிப்பிள்’ ஃபில்ட்டரே போதும். நுணுக்கமான வேலைப்பாடு கேட்பவருக்குத்தான் சாம்பல். மாஸ்க்கைக் கறுப்பால் நிரப்பி, நடுவில் ஒரு செவ்வகத்தை வெள்ளையாக்கி, ‘காஸியன் பிளர்’ கொடுத்தால் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு இறங்கும் ஒரு சரிவு கிடைக்கும். அந்தச் சரிவின்மேல் ‘கலர் ஹாஃப்டோன்’ ஃபில்ட்டரை ஓட்டிப் பாருங்கள். கிம்ப்பில் அதற்கு ‘நியூஸ்பிரின்ட்’ என்று பெயர். சாம்பல் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். உள்ளே நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிய புள்ளிகள் வெளியே போகப் போகச் சிறுத்து மறையும், புள்ளிக் கோலத்தின் விளிம்பைக் காற்று கலைத்ததுபோல. கறுப்பு மை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்தித்தாள்கள் நிழலைக் காட்டிவந்த பழைய உத்திதான் இது. பிளர் கொடுக்காமல் இதே ஃபில்ட்டரை ஓட்டினால் கோடு சற்றுச் சொரசொரப்பாகும், அவ்வளவுதான். புள்ளியின் பருமனையும் கணக்கிட்டே வைக்க வேண்டும். 4 x 6 அங்குல 4ஆர் படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் மொத்தம் 1200 x 1800. அதில் 12 பிக்சல் அகலப் புள்ளி ஒரு மில்லிமீட்டர்தான். திரையில் பெரிதாக்கிப் பார்த்து மயங்கியவருக்கு அச்சில் கடுகுதான் மிஞ்சும்.

இவ்வளவு பாடு எதற்கு, அழிப்பானால் ஓரத்தைத் தேய்த்தாலும் அச்சில் அதே படம்தானே என்று கேட்கலாம். காகிதத்தில் வேறுபாடு இல்லைதான். வேறுபாடு மனம் மாறும்போது தெரியும். ஓர் உதாரணம்: ஆங் மோ கியோ அவென்யூ 2இல் உள்ள புளோக் 259, நான்கு உருளைகளைச் சேர்த்து வைத்ததுபோல நிற்கும். மேலிருந்து பார்த்தால் நாலிதழ்ப் பூ. அந்த வடிவத்தையே ஒரு குடும்பப் படத்துக்கு ஓரமாக வைத்தால் இதழ்களின் இடுக்கில் யாராவது ஒருவரின் தோளோ முகமோ சிக்கும். அழிப்பானால் தேய்த்துச் சேமித்திருந்தால் அந்த முகம் போனது போனதுதான். மாஸ்க்கில் அது மறைந்து மட்டுமே இருக்கிறது. வெள்ளைத் தூரிகையால் ஓர் இழுப்பு இழுத்தால் திரும்பி வரும்.

செயலியில் ஆயத்தச் சட்டங்கள் ஆயிரம் இருக்கும்போது என்ன கவலை என்பது இன்னொரு கேள்வி. அந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை பிஎன்ஜி கோப்புகள். நடுவே ஒளிபுகும் பகுதியோடு வரும் அவற்றுக்குள்ளும் இருப்பது யாரோ செய்த ஒரு மாஸ்க்தான். சதுரப் படத்துக்குச் செய்ததை நீளப் படத்துக்கு இழுத்தால் மூலையில் உள்ள ரோஜா முட்டைக்கோஸாகிவிடும். அவசரத்துக்கு அது போதும் என்றால் தவறில்லை. அலங்காரமே படத்தைக் கெடுக்கிறது என்பாரும் உண்டு. செய்திப் படத்துக்கும் ஆவணப் படத்துக்கும் அது முழு உண்மை, அவற்றின் ஓரத்தைத் தொடவே கூடாது. திருமண அழைப்பிதழும் பிறந்தநாள் பதாகையும் வேறு. அங்கே ஓரம் சேலைக்குக் கரைபோல; கரை இல்லாத பட்டை யாரும் விரும்பி எடுப்பதில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி, கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் வடிவத்தில் ஒரு படியைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஜேபெக் கோப்பில் மாஸ்க் தங்காது.