கசிவுநீரில் எத்தனை லிட்டர் டீசல்?

குப்பை லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போனவர்களுக்கு அந்தத் தண்ணீரை நன்றாகவே தெரியும். சிக்னலில் லாரி நிற்கும். பின்கதவின் அடியிலிருந்து கறுப்பாக, கொழகொழவென்று ஒழுகும். புளித்த நாற்றம் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஏறும். சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற பழைய குப்பைமேடுகளின் அடியிலிருந்தும் இதேபோல் கறுப்புத் தண்ணீர் கசிகிறது. பொறியாளர்கள் அதை லீச்சேட் என்பார்கள். பார்வைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீத்தேன் எடுக்க நினைப்பவருக்கோ முதலாவது எரிபொருள், இரண்டாவது பெரும்பாலும் செலவு.

கழிவிலிருந்து வாயு, வாயுவிலிருந்து மின்சாரம் என்று எந்த ஊரில் அறிவிப்பு வந்தாலும், அது பலிக்குமா என்பதை இந்த வித்தியாசம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது.

அடிப்படை நம் வீட்டுச் சாண எரிவாயுக் கலன்தான். காற்றுப் புகாத தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று மீத்தேனை வெளிவிடுகின்றன. ஒரே கூட்டம் இந்த வேலை முழுவதையும் செய்வதில்லை. மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் ஆகியவற்றை ஒரு கூட்டம் உடைக்கும். இன்னொன்று அதை அமிலங்களாக்கும். மூன்றாவது அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசிக் கூட்டம்தான் அவற்றிலிருந்து மீத்தேனை உண்டாக்கும். முன்வரிசைக்காரர்கள் மளமளவென்று பெருகுவார்கள். கடைசிக் கூட்டம் மந்தம். ஒன்று இரண்டாகவே சில நாட்கள் பிடிக்கும். ஆக்சிஜன் பட்டால் ஆகாது. கார அமிலக் குறியீடு, அதாவது பி.எச்., ஏறக்குறைய 6.8 முதல் 7.4-க்குள் இருக்க வேண்டும்.

ஆசைப்பட்டு ஒரேயடியாகக் கழிவை ஊற்றினால் முன்வரிசை அமிலத்தைக் குவித்துவிடும், பின்வரிசையால் அதைத் தின்று தீர்க்க முடியாது. பி.எச். சரியும், வாயு நிற்கும். தொட்டி புளித்துவிட்டது என்பது இதைத்தான். பிறகு கழிவு விடுவதை நிறுத்தி, சுண்ணாம்போ சோடாவோ போட்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. இந்த உயிர்களுக்குப் பிடித்த வெப்பம் 35 டிகிரி. குளிர்நாடுகளில் கிடைத்த வாயுவில் ஒரு பகுதியைத் தொட்டியைச் சூடாக்கவே எரிக்கிறார்கள். சேலத்து வெயிலுக்கு அந்தச் செலவு அநேகமாக இல்லை.

எவ்வளவு வாயு கிடைக்கும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கழிவுநீரில் உள்ள பொருட்களை முழுவதும் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவையோ அந்த அளவைச் சி.ஓ.டி. என்பார்கள். தொட்டிக்குள் 1 கிலோ சி.ஓ.டி. மறைந்தால் அதிகபட்சம் 0.35 கனமீட்டர் மீத்தேன் வரும். வேதியியல் விதித்த வரம்பு இது. எந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்தாலும் இதைத் தாண்ட முடியாது.

சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடித்து, மாவு அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். அதில் கரைந்த மாவும் சர்க்கரையும் இருப்பதால் ஒரே நாளில் புளித்துவிடும். லிட்டருக்கு 5 கிராம் சி.ஓ.டி. என்று வைத்துக்கொண்டால் 1 லட்சம் லிட்டரில் 500 கிலோ. அதில் 80 சதவீதத்தைத் தொட்டி தின்றால் 140 கனமீட்டர் மீத்தேன். ஜெனரேட்டரில் எரித்தால் ஏறக்குறைய 490 யூனிட் மின்சாரம். ஊரையே நாற அடித்த தண்ணீர் ஆலையின் கரன்ட் பில்லில் ஒரு பங்கைக் கழித்துவிடும். இந்தப் பகுதியில் ஆலைகள் வாயுத் தொட்டி கட்டியதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நெருக்குதல் ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

தண்ணீராக ஓடும் கழிவில் இன்னொரு சிக்கல் உண்டு. மந்தமாகப் பெருகும் நுண்ணுயிர்களை ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். இதற்கு வழி கண்டவர் நெதர்லாந்தின் காட்சே லெட்டிங்கா. 1970-களில் அவர் தண்ணீரை அடியிலிருந்து மெதுவாக மேலே ஏற்றிப் பார்த்தார். நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடுகு போன்ற கறுப்பு மணிகளாகத் திரண்டு அடியிலேயே தங்கின. தண்ணீர் அவற்றினூடே மேலேறித் தெளிந்து வெளியேற, வாயுக் குமிழிகள் தனியே பிரிந்தன. யு.ஏ.எஸ்.பி. எனப்படும் அந்த முறை இன்று உலகெங்கும் இருக்கிறது. மணிகள் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான். பட்டினி போட்டாலும் மாதக்கணக்கில் தாங்கும். கிழங்கு வரத்து உள்ள மாதங்களில் மட்டும் ஓடும் ஜவ்வரிசி ஆலைக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

இனி குப்பைமேட்டுக்கு வருவோம். பழைய மேடு தானே ஒரு வாயுத் தொட்டி. வருடக்கணக்கில் அதற்குள்ளேயே செரிமானம் நடந்து மீத்தேன் காற்றில் கலந்துவிடுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. 2022 ஏப்ரலில் பெருங்குடியில் பற்றிய தீ நாட்கணக்கில் அணையாததற்கு உள்ளே ஊறும் இந்த வாயுவும் ஒரு காரணம். அடியில் கசியும் லீச்சேட்டில் மிஞ்சுவது நுண்ணுயிர் தின்ன முடியாமல் விட்ட எச்சமும், ஏராளமான அம்மோனியாவும். சோதனைச் சாலையில் சி.ஓ.டி. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்று காட்டும், அதில் தின்னத் தகுந்தது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாமல் போகலாம். அளவுக்கு மீறிய அம்மோனியாவோ மீத்தேன் உண்டாக்கும் கூட்டத்தையே முடக்கும்.

புதுக் குப்பை வடிக்கும் நீர் வேறு ஜாதி. சீனாவில் குப்பையை எரிஉலையில் போடுமுன் சில நாட்கள் குழியில் குவித்து நீரை வடியவிடுகிறார்கள். நம் ஊர்போலவே ஈரமான சமையலறைக் குப்பை. வடியும் நீரில் சி.ஓ.டி. லிட்டருக்கு 40, 50 கிராம்கூட இருக்கும். அதைக் காற்றில்லாத் தொட்டிக்கு அனுப்பி, கிடைக்கும் வாயுவைப் பல இடங்களில் அதே உலையில் எரிக்கிறார்கள்.

தொழிற்சாலைக் கழிவையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேச முடியாது. சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து 1 லிட்டர் சாராயம் காய்ச்சினால் 10 முதல் 15 லிட்டர் கழிவுநீர் மிஞ்சும். அதில் சி.ஓ.டி. லிட்டருக்கு 100 கிராமைத் தொடும், வாயுவுக்கு இதைவிடத் தீனி கிடைப்பது அரிது. சாயப்பட்டறைக் கழிவில் உப்புதான் அதிகம். மீத்தேன் எதிர்பார்ப்பது வீண். தோல் பதனிடும் கழிவில் சல்ஃபேட் இருக்கிறது. ஒவ்வொரு கிலோ சல்ஃபேட்டும் 0.67 கிலோ சி.ஓ.டி. அளவு உணவைத் திசைதிருப்பி, மீத்தேனுக்குப் பதில் ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தரும். எஞ்சினை அரிக்கும், மூடிய தொட்டிக்குள் இறங்கியவர் உயிரைக் குடிக்கும் வாயு. கான்பூர் ஜாஜ்மௌவில் தினமும் 90 லட்சம் லிட்டர் தோல் கழிவுடன் மூன்று பங்கு ஊர்ச் சாக்கடை நீரைக் கலந்து விடும்படி சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைத்ததும், சல்ஃபைடும் குரோமியமும் நீர்த்துப் போகட்டும் என்பதற்காகத்தான்.

கலப்பது என்ற யோசனை லீச்சேட்டுக்கும் பொருந்தும். ஜவ்வரிசித் தண்ணீர் புளிப்பு, நைட்ரஜன் குறைவு. பழைய லீச்சேட் காரம், நைட்ரஜன் மிகுதி. அளவோடு சேர்த்தால் ஒன்று உணவாகவும் மற்றது சுண்ணாம்புச் செலவை மிச்சப்படுத்தும் காரமாகவும் இருக்கும். ஆனாலும் தொட்டி அம்மோனியாவை அகற்றாது. வெளிவரும் நீருக்குக் காற்றூட்டும் தொட்டி, தேவைப்பட்டால் ஆர்.ஓ. எல்லாம் பின்னால் வேண்டும். அறிவிப்புகளில் இந்தச் செலவு அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

தூரமும் ஒரு செலவுதான். 10,000 லிட்டர் டேங்கரில் பழைய லீச்சேட்டை ஏற்றினால், மேலே சொன்ன கணக்குப்படி அதிலிருந்து வருவது 1 கனமீட்டர் மீத்தேன். 1 லிட்டர் டீசலுக்குச் சமம். டேங்கர் நாலைந்து கிலோமீட்டரில் அதை எரித்துவிடும். அதே டேங்கரில் லிட்டருக்கு 40 கிராம் சி.ஓ.டி. உள்ள புதுக் குப்பை நீர் இருந்தால் 110 லிட்டர் டீசலுக்கு ஈடு. அதனால் தொட்டி கட்ட வேண்டிய இடம் 30 வருடக் குப்பைமேட்டின் அடிவாரம் இல்லை. வார்டு வண்டிகள் குப்பையைக் கொட்டிப் பெரிய லாரிக்கு மாற்றும் நிலையம்தான். அந்தச் சாறு முதலில் வடிவது அங்கேதான். இன்று அது சாக்கடைக்குப் போகிறது, மிச்சம் லாரியோடு சாலைக்கு வருகிறது.