உளவியல் பட்டமும் குடும்பக் கணக்கும்



பத்துமலைப் படிகள் 272 என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர் தம் தோள் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அடிவாரத்திலேயே பார்த்துக்கொள்கிறார். பாதிப் படியில் நின்றுகொண்டு பாரம் அதிகம் என்று சொல்வதில் பயன் இல்லை. பிள்ளைகளின் மேற்படிப்புக்காக நாம் வாங்கும் கடனும் அப்படித்தான். கையெழுத்துப் போடும் முன்பே அதை எடைபோட வேண்டும்.

கல்விக்கும் பத்துமலைக்கும் நம்மிடையே ஓர் உறவு உண்டு. 1982-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்ரீ முருகன் நிலையம், மாணவர்களையும் பெற்றோரையும் பத்துமலைக்குக் கல்வி யாத்திரையாக அழைத்துச் சென்றதை உங்களில் பலர் அறிவீர்கள். பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைத்த குடும்பங்கள், படிப்பு ஒன்றே கரையேற்றும் என்று நம்பின. அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. ஆனால் எந்தப் படிப்பு, எந்த இடத்தில், எவ்வளவு கடனில் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது பலிக்கும்.

இன்று ஒரு படிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது உளவியல். மனிதனின் எண்ணம், உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றை ஆராயும் கல்வி அது. நம் நாட்டில் பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1979-இல் இதற்கெனத் தனித்துறை அமைந்தது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தனியார் கல்லூரிகளும் இதைக் கற்பிக்கின்றன. பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், இதை விரும்பிக் கேட்கிறார்கள்.

உங்கள் மகள் இந்தப் படிப்பைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தனியார் கல்லூரியில் மூன்றாண்டுக் கட்டணம் 60,000 வெள்ளி. அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்துக்கு மாதம் 600 வெள்ளி வீதம் 36 மாதங்களுக்கு 21,600 வெள்ளி. ஆக மொத்தம் 81,600 வெள்ளி. இவை கணக்குக்காகச் சொல்லும் தொகைகள். கல்லூரிக்குக் கல்லூரி இவை மாறும். உங்கள் பிள்ளைக்கு வந்த கடிதத்திலுள்ள தொகையை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

இதில் 40,000 வெள்ளியைப் பி.டி.பி.டி.என். கடனாகத் தருகிறது என்று கொள்வோம். 1997-இல் அமைக்கப்பட்ட இந்த உயர்கல்வி நிதிக் கழகம், ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டைச் சேவைக் கட்டணமாகப் பெறுகிறது. 15 ஆண்டில் கட்டினால் கட்டணம் 6,000 வெள்ளி. முதலும் சேர்த்து 46,000 வெள்ளி. மாதத்திற்கு ஏறக்குறைய 256 வெள்ளி. இது தாங்கக்கூடிய பாரம்தான்.

மீதி 41,600 வெள்ளிக்கு என்ன செய்வது? இங்கேதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர், அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டம் இடம் தருகிறது. 10,000 வெள்ளிக்கு ஆண்டு வட்டி மட்டும் 1,800 வெள்ளி. அதே 10,000 வெள்ளிக்குப் பி.டி.பி.டி.என். கட்டணம் ஆண்டுக்கு 100 வெள்ளி. இரண்டுக்கும் கடன் என்றே பெயர். ஆனால் ஒன்று தூறல், மற்றது வெள்ளம். உரிமமே இல்லாத ஆலோங் கடனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

இனி வருமானத்தைப் பார்ப்போம். பட்டம் பெற்ற மகளுக்கு முதல் வேலையில் 2,500 வெள்ளி சம்பளம் என்று கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 275 வெள்ளி போக, 2,225 வெள்ளி மிஞ்சும். வாடகை, சாப்பாடு, மோட்டார் சைக்கிள் செலவுக்கு 1,300 வெள்ளி. வீட்டுக்கு 300 வெள்ளி. பி.டி.பி.டி.என். தவணை 256 வெள்ளி. கையில் நிற்பது 369 வெள்ளி. இதோடு வேறொரு கடனுக்கு மாதம் 600 வெள்ளி கட்ட வேண்டியிருந்தால், ஒவ்வொரு மாதமும் 231 வெள்ளி துண்டு விழும். அந்தத் துண்டை யார் கட்டுவது? ஜாமீன் கையெழுத்துப் போட்ட தகப்பனார்தான். அடுத்தபடி, பள்ளிக்கூடத்தில் இருக்கும் தம்பியின் படிப்புக்கு வைத்திருந்த பணமும் அதற்கே போய்விடும்.

இன்னொரு செலவும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மூன்றாண்டு வேலைக்குப் போயிருந்தால் 61,200 வெள்ளி வந்திருக்கும். அதையும் விட்டுவிட்டுத்தான் பிள்ளை படிக்கிறது. ஆகவே படிக்கும் காலம் வீணாகாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வகைச் சேமிப்பே.

பெற்றோர் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. உளவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவுடன் மகள் மருத்துவமனையில் உளவியல் நிபுணராக உட்கார முடியாது. மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு முதுகலைப் பட்டமும் பயிற்சியும் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் இத்தொழிலைப் பதிவுக்கு உட்படுத்துகிறது. கவுன்சலர் எனப்படும் ஆலோசகராகத் தொழில் செய்யவும் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஆலோசனைத் துறையிலேயே தகுதி வேண்டும். வெறும் உளவியல் பட்டம் அதற்குப் போதாது. இளங்கலையோடு நிற்பவர்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவிலும், சிறப்புக் குழந்தைகளுக்கான நிலையங்களிலும், சமூக நல அமைப்புகளிலும், விற்பனைத் துறையிலும் வேலைக்குச் சேர்கிறார்கள். அரசாங்கச் சேவையில் உளவியல் அதிகாரி என்ற பதவி உண்டு என்றாலும், அதற்குப் போட்டி அதிகம்.

அப்படியானால் மகளை வேண்டாம் என்று தடுத்துவிடலாமா? கூடாது. குடிப்பழக்கமும் மனச்சோர்வும் நம் குடும்பங்களில் எத்தனை துயரத்தைத் தந்திருக்கின்றன என்பதை நாம் அறிவோம். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் தமிழிலேயே மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ஏங்குவோர் ஏராளம். அந்த நாற்காலியில் ஒரு தோட்டப் பாட்டாளியின் மகள் உட்கார்ந்தால், சொல்லாமலே பாதி புரிந்துகொள்வாள். ஆகவே படிப்பைத் தடுக்க வேண்டாம், வழியை மாற்றலாம்.

எஸ்.பி.எம். முடிந்ததும் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வழியாகச் சென்று அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் தேடுவது முதல் வழி. அங்கே கட்டணத்தின் பெரும் பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. கடன் 20,000 வெள்ளியோடு நின்றால், பத்தாண்டில் மாதம் ஏறக்குறைய 183 வெள்ளியே தவணை. ஆலோசகராக வேண்டும் என்பதே நோக்கமானால், முதலிலேயே ஆலோசனைத் துறைப் பட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். முதல் வகுப்பில் தேறியவர் கடனிலிருந்து விலக்குப் பெறவும் வழி உண்டு. அதன் நிபந்தனைகள் மாறியிருப்பதால் கழகத்திலேயே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பட்டம் மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவில் இருக்கிறதா? கட்டணம் முழுவதும் எவ்வளவு, ஆண்டுதோறும் உயருமா? பி.டி.பி.டி.என். எவ்வளவு தரும், மீதிக்கு என்ன வழி? இந்தப் பட்டத்திற்குப் பின் எந்த வேலைக்கு இன்னும் எத்தனை ஆண்டு படிக்க வேண்டும்? விளம்பரத் தாளைப் பார்த்துத் திருப்தியடையாமல், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டப் பாட்டாளிகள் தங்கள் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார்கள். கணக்குத் தெரியாதவர்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. நிலத்துக்குப் போட்ட அதே கணக்கைப் பிள்ளையின் படிப்புக்கும் போடுவோம். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் எழுதுங்கள். பாரத்தின் அளவு தெரிந்தபின் படியேறலாம்.