மேசைமேல் ஹூக்ளி, 1757

விரித்திருக்கும் நீலத்துணிதான் ஹூக்ளி ஆறு. அதிலுள்ள பாய்க்கப்பல்கள் டைகர், கென்ட், சாலிஸ்பரி. கொல்கத்தாவுக்கு வடக்கே சந்திரநகரில் இருந்த பிரெஞ்சுக் கோட்டையை, 1757 மார்ச் 23 அன்று பிரிட்டிஷ் அட்மிரல் வாட்சன் இவற்றைக் கொண்டு தாக்கினார்.

அளவு 1:1200. எழுபது பீரங்கி தாங்கிய கென்ட் இங்கே நான்கு சென்டிமீட்டர்தான்! வழியை மறிக்கப் பிரெஞ்சுக்காரர் தாங்களே மூழ்கடித்த கப்பல்களையும் கவனியுங்கள். மேசைமேல் ஆடும் இந்தப் பாய்க்கப்பல் ஆட்டத்தில் பகடையைவிடக் காற்றுக்கே அதிகாரம். ஆற்றில் நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். அன்று கென்ட் பின்னோக்கி நழுவி சாலிஸ்பரியின் இடத்தில் நின்றுவிட்டது. சாலிஸ்பரியால் போரில் சரியாகக் கலந்துகொள்ள முடியவில்லை.

கடற்படையில் பணியாற்றாத ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கிளார்க், இதுபோலவே சிறு மாதிரிக் கப்பல்களை மேசையில் நகர்த்தியே போர் உத்திகளை ஆராய்ந்தார்.

வாட்சனின் கல்லறை கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் உள்ளது.