வேடிக்கைக்குப் பின்னால்

சந்தைத் திருவிழா என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன மேளமும் வேடிக்கையும் சிரிப்புமே. பிரான்சு நாட்டின் திருவிழாக் கூத்தாடிகளைத் தீட்டிய ஓவியம் ஒன்று, அந்த வேடிக்கைக்கு விலை கொடுப்பவர் யார் என்று நம்மைக் கேட்கிறது.

பெர்னான் பெலேஸ் என்ற ஓவியர் 1888-ஆம் ஆண்டில் பாரிசு நகரக் கலைக்காட்சியில் வைத்த அந்த எண்ணெய் வண்ண ஓவியத்தின் பெயர் 'முகச்சேட்டையும் வறுமையும்' என்று பொருள்படும். அகலம் ஆறு மீட்டருக்கு மேல். இன்று அது பாரிசிலுள்ள பெத்தி பலே கலைக்கூடத்தில் இருக்கிறது.

அக்காலத்தில் ஊர் ஊராய்ச் சுற்றிய கூத்தாடிகள், கூடாரத்துக்கு வெளியே மேடையிட்டுச் சிறிது நேரம் இலவசமாக வேடிக்கை காட்டுவர். கூட்டத்தைக் காசு கொடுத்து உள்ளே வரச் செய்வதற்கான உபாயம் அது. பெலேஸ் தீட்டியது அந்த மேடையையே. பார்ப்போர் கூட்டத்தை அவர் தீட்டவில்லை. ஓவியத்தின் முன் நிற்கும் நாமே அக்கூட்டம்.

இடப்புறம் குழந்தைகள், நடுவில் கோமாளியும் குள்ளரும், வலப்புறம் சோர்ந்து அமர்ந்த முதிய வாத்தியக்காரர்கள். இடமிருந்து வலமாக நோக்கினால், அத்தொழிலில் கழியும் ஓர் ஆயுள் முழுவதும் தெரிகிறது.

அதே ஆண்டில் ஜார்ஜ் சேராவும் இத்தகைய மேடையைத் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். வண்ணப் புள்ளிகளால் அவர் நாடியது விளக்கொளியின் அழகு. பெலேஸ் நாடியதோ மனித முகம். உள்ளதை உள்ளவாறு தீட்டும் யதார்த்த நெறி என்பது இதுவே.

நான் இவ்வோவியத்தை நோக்கும்போதெல்லாம் என் பார்வை இடப்புறத்தில் அழுதுகொண்டு நிற்கும் சிறு குழந்தையிடமே சென்று நிற்கிறது. 1874-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் ஒரு சட்டம் பிறந்திருந்தது. கழைக்கூத்து முதலிய தொழில்களில் பதினாறு வயதுக்குட்பட்ட பிறர் குழந்தைகளை ஈடுபடுத்தலாகாது. கூத்தாடிகள் தம் சொந்தக் குழந்தைகளையும் பன்னிரண்டு வயதுக்கு முன் ஈடுபடுத்தலாகாது என்பது அதன் விதி. ஓவியம் தீட்டப்பட்டபோது சட்டத்துக்கு வயது பதினான்கு. அழும் குழந்தையோ பன்னிரண்டை எட்டியதாகவே தோன்றவில்லை.

சட்டம் ஏட்டில் இருந்தது. குழந்தை மேடையில் நின்றது. இரண்டுக்கும் இடையே நின்றவர்கள், கைதட்டிக் காசு கொடுத்த கூட்டத்தார். அவர்கள் நின்ற இடத்தில்தான் ஓவியர் நம்மை நிறுத்தியிருக்கிறார்.