கலாநிதிப் பட்டம் பெறாத ஆராய்ச்சியாளர்

மருந்தாராய்ச்சியிற் புகுவோர் வைத்தியக் கல்வியோ கலாநிதிப் பட்டமோ பெற்ற பின்னரே அத்துறையை அடைவர் என்பது பலரது எண்ணம். கேற்றூட் எலியன் அம்மையார் சென்ற வழி வேறு.

1918 இல் நியூயோர்க் நகரிற் பிறந்த அவர், பதினைந்தாவது வயதில், தம் பாட்டனார் இரைப்பைப் புற்றுநோயால் வருந்தி இறந்ததைக் கண்ணுற்றார். கல்லூரியில் எதனைக் கற்பது என்னும் வினாவுக்கு அத்துயரமே விடையாயிற்று. தந்தையார் 1929 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியிற் செல்வமிழந்திருந்தமையால், கட்டணம் அறவிடாத ஹன்ரர் கல்லூரியில் இரசாயனம் பயின்று 1937 இல் பட்டதாரியானார்.

மேற்படிப்புக்குரிய உதவிப்பணம் கிடைக்கவில்லை. ஆய்வுகூடத்திற் பெண்ணொருத்தி இருப்பின் ஏனையோர் கவனம் சிதறும் என்று கூறி வேலை மறுத்தாரும் உளர். திறமைக் குறைவென்று கூறியிருந்தாலாவது அதனை நிறைத்துக்கொள்ள வழியிருந்திருக்கும்! தாதியர்க்குச் சில மாதம் உயிரிரசாயனம் கற்பித்தார். இரசாயனர் ஒருவரிடம் ஊதியமின்றிப் பணி தொடங்கினார். பின்னர் பகலில் ஆசிரியப்பணியும் இரவில் ஆய்வுமாக உழைத்து, 1941 இல் நியூயோர்க் பல்கலைக்கழக முதுமாணியானார். அதன் பின்னரும் கிடைத்தது உணவுக் கம்பனியொன்றில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலையே.

உலகப்போரால் ஆய்வுகூடங்களில் ஆள் குறைந்தது. 1944 இல் பறோஸ் வெல்கம் நிறுவனம் அவரை ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்பாரின் துணையாளராக ஏற்றது. விரைந்து பெருகும் புற்றுநோய்க் கலங்களுக்கு நியூக்கிளிக் அமிலம் மிகுதியாக வேண்டும். அதனை ஆக்கும் பொருள்களைப் போலத் தோன்றும் போலிப் பொருளொன்றைக் கொடுத்தால் அக்கலங்கள் ஏமாந்து பெருக்கம் தடைப்படும் என்பது ஹிச்சிங்ஸின் கருத்து.

இதற்கிடையில் அம்மையார் புறூக்ளின் பொலிரெக்னிக் கழகத்தில் மாலை வேளைகளிற் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துவந்தார். வேலையை விட்டு முழுநேரமும் படித்தல் வேண்டும் என்று கழகத்தார் வற்புறுத்தினர். அவர் படிப்பையே விட்டார். 1988 இல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் நோபெல் பரிசு பெற்றபோது அவரிடமிருந்தவை கௌரவக் கலாநிதிப் பட்டங்களே.

உடலில் இயல்பாயுள்ள ஐப்பொக்சாந்தீன் என்னும் பொருளின் ஒட்சிசன் அணுவுக்குப் பதிலாகக் கந்தக அணுவை அமைத்து, 1951 இல் அவர் ஆக்கியது 6-மேர்க்கப்ரோபியூரீன். அந்நாளிற் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுட் பலர் சில மாதங்களுள் இறந்தனர். 1953 இல் அம்மருந்து அங்கீகாரம் பெற்றது. அதனை உண்டு தேறிய குழந்தைகளுக்கும் நோய் மீண்டு வந்தமை அம்மையாரைப் பெரிதும் வருத்திற்று. பிற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கும் முறை பின்னாளில் வகுக்கப்பட்ட பின்னரே பெரும்பாலோர் முற்றாகக் குணமடையலாயினர். அச்சேர்க்கையில் அம்மருந்து இன்றும் இடம்பெறுகின்றது.