மோட்டார் கொட்டகைக்குள் ஒரு கடிகாரம்

திருவாரூர் பக்கத்து மோட்டார் கொட்டகைகளில் மொபைல் ஸ்டார்ட்டர் இப்போது சகஜம். வீட்டிலிருந்தே போன் செய்தால் போதும், போர்வெல் மோட்டார் ஓடும். மும்முனை மின்சாரம் வந்ததும் சற்றுப் பொறுத்து ஓட்டுவது, சொன்ன நேரத்தில் நிறுத்துவது எல்லாமே உள்ளிருக்கும் மைக்ரோகன்ட்ரோலரின் வேலை.

அந்தச் சில்லுக்கு நேரம் என்பது துடிப்புகளின் எண்ணிக்கைதான். துடிப்பை வெளியே பொருத்திய கிரிஸ்டல் தரலாம். சில்லுக்குள்ளேயே இருக்கும் ஆர்.சி. ஆஸிலேட்டரும் தரலாம். பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழையுள்ள கிரிஸ்டல் நாளொன்றுக்கு 2 விநாடிகூடத் தவறாது. 1 சதவீதம் பிசகும் ஆர்.சி. ஆஸிலேட்டரோ 14 நிமிடம் தவறிவிடும். சித்திரை வெயிலில் கொட்டகைத் தகரம் காயும்போது அந்தப் பிசகு இன்னும் கூடலாம்.

இத்தகைய கருவியை வடிவமைக்கும் மாணவர்கள் முதலில் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான். கல்லூரிகளில் பரவலாகப் புழங்கும் புரோட்டியஸ் மென்பொருளில் 8051 சில்லுடன் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வரைந்து இணைக்கலாம். ஆனால் அந்தப் படத்தை மென்பொருள் கணக்கில் எடுக்காது. சில்லின் பண்புகளில் கிளாக் அளவுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதிலுள்ள எண்தான் செல்லும். மாற்றாமல் விட்டால் 12 மெகாஹெர்ட்ஸ்.

கேட்க அற்ப வித்தியாசம்தான். விளைவைப் பாருங்கள். 11.0592 மெகாஹெர்ட்ஸை 12ஆல் வகுத்து, 32ஆல் வகுத்து, 3ஆல் வகுத்தால் துல்லியமாக 9600 வரும். ஜி.எஸ்.எம். மோடத்துடன் பேசப் பரவலாக வைக்கும் வேகம் அது. விநோதமான அந்த எண்ணை விரும்பி வாங்குவதற்குக் காரணமும் அதுவே. 12 மெகாஹெர்ட்ஸில் அதே கணக்கு 10,417 ஆகிவிடும். எட்டரை சதவீதம் அதிகம். ஓர் எழுத்தின் பத்து பிட்டுகளில் கடைசியை வாசிக்கும்போது முக்கால் பிட்டுக்கு மேல் விலகியிருக்கும். திரையில் குப்பை எழுத்துகள்தான் வரும்.

இதுகூடப் பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். என்னைக் கவலைப்படுத்துவது சத்தமில்லாத பிழை. கணினியில் 12 மெகாஹெர்ட்ஸில் சரிபார்த்த பத்து நிமிடத் தாமதம், 11.0592 கிரிஸ்டல் வைத்த பலகையில் 10 நிமிடம் 51 விநாடி ஆகும். பிழை நிரலில் இல்லை என்பதால் நிரலை எத்தனை முறை படித்தாலும் அகப்படாது.

சில்லின் இடத்தில் செருகும் வன்பொருள் எமுலேட்டரில் இன்னொரு தேர்வு உண்டு: துடிப்பை எமுலேட்டரே தருவதா, பலகையிலிருந்து வாங்குவதா? தொடக்கத்தில் எமுலேட்டரின் துடிப்பு நல்லது. பலகை சரியில்லாவிட்டாலும் நிரல் ஓடும். ஆனால் கிரிஸ்டல் துடிக்காத பழுதையும் அது மறைத்துவிடும். ஆகவே முடிக்கும் முன் ஒருமுறையாவது பலகையின் துடிப்புக்கு மாற்றியே தீர வேண்டும்.

பெரிய இடங்களிலும் இதே கணக்குத்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலியை ஆர்ட்டி எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் ஏற்றிப் பார்க்கலாம். பலகையில் இருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர். செயலி ஓடுவது 50இல். நிரலில் எழுத வேண்டியது 50தான். எமுலேட்டர் மென்பொருளான கியூஇமுவும் 2020இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து, எந்தத் துடிப்பு எங்கிருந்து கிளைக்கிறது என்பதைத் தனியாகவே காட்ட வழி செய்திருக்கிறது.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு எல்.இ.டி.யை நிமிடத்துக்கு ஒருமுறை மின்னச் செய்து, உண்மையான பலகையில் ஒரு மணி நேரம் ஓட விட்டுக் கைபேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். 1 சதவீதப் பிழை அதற்குள் 36 விநாடியாகத் தெரிந்துவிடும்.